ஊசி மேல ஒரு செவப்புக் கோடு

இந்த அட்டைப்பெட்டி என் மடியிலயே இருந்துட்டுப் போகட்டுமுங்க. கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டாரு, மேல வைங்க, சீட்டுக்கடியில தள்ளுங்கன்னு. அப்படி வெக்கற சாமான் இல்லைங்க இது. உங்க முழங்கையில இடிச்சுதுன்னா சொல்லுங்க, நான் இன்னுங் கொஞ்சம் ஜன்னலோரம் ஒண்டிக்கறேன். நீங்க தருமபுரியில ஏறுனீங்க, இல்லைங்க? ஓசூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் ஓசூருதான். கோயமுத்தூர்ல வெடியால அஞ்சு மணிக்கு ஏறுனது, இன்னும் ஒரு மனுசன்கிட்ட வாயத் தொறந்து பேசுல. சேலம் வரைக்கும் பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு, காதுல எதையோ மாட்டிட்டுத் தூங்கிட்டே வந்தாரு.

உள்ள என்னன்னுதானுங்க பாக்கறீங்க? வண்டிங்க. டிரக்கு. ரிமோட்டுல ஓடறது. சிரிக்காதீங்க, கொழந்தைங்க வெளையாடற பேட்டரி வண்டி இல்லை. இதுக்குள்ள நெசமான இன்ஜின் இருக்குது. பிஸ்டன் இருக்குது, கார்பரேட்டர் இருக்குது, சைலன்சர் இருக்குது. பெட்ரோல்ல ஓடாதுங்க. மெத்தனாலு, நைட்ரோ, விளக்கெண்ணெய், இந்த மூணும் கலந்து ஒரு எண்ணெய் டப்பாவுல வருது, அதுலதான் ஓடும். பயப்படாதீங்க, டேங்க் காலிதான். எண்ணெய் எம்மககிட்ட அங்க இருக்குது. அதப் பஸ்ஸுல கொண்டுட்டு வரப்படாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா.

எம்மக வண்டிதானுங்க இது. பேரு இந்துஜா. ஓசூர்ல ஒரு கம்பெனியில தயாராகி வர்ற சாமானையெல்லாம் சோதிச்சுப் பாக்கற வேலை. அவளப் பாக்கத்தான் போறேன். எஞ்சம்சாரம் துளசிமணியும் அங்கதான் இருக்கறா, ரெண்டு வருசமாச்சு. நான் சிங்காநல்லூர்ல தனியாப் பொங்கித் தின்னுட்டுக் கெடக்கறேன். ஏன்னு கேளுங்க. ஒரு திருகாணிய நான் கால் சுத்து திருப்பிட்டேனாமா. அதுக்குங்க. அந்தக் கால் சுத்துக்கு எனக்கு ரெண்டு வருசத் தண்டனை. நீங்களே சொல்லுங்க, நாயமுங்களா?

என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. சிங்காநல்லூர்ல வந்து கிரி மெக்கானிக்குன்னு கேட்டீங்கன்னா பஸ்ஸ்டாண்டுல இருக்கற ஆட்டோக்காரரே கூட்டிட்டு வந்து விடுவாரு. வெள்ளியங்கிரின்னு பேரு, எல்லாருக்கும் கிரி. முப்பத்தாறு வருசமாக் கார்பரேட்டர் வேலைங்க. நான் செட்டிங் பண்ணி அனுப்புன வண்டி பொகையாது. டூ ஸ்ட்ரோக்குக்கே பொகை இல்லாம வெச்சுக் குடுத்தவன் நான். எல்லாரும் ஆயில ஊத்து ஊத்துன்னு ஊத்துவாங்க, நான் பாதிதான் ஊத்துவேன், காத்தக் கொஞ்சம் எச்சா விடுவேன். வண்டி பறக்குமுங்க. ஜாம் ஆயிரும் கிரியண்ணான்னு சொன்னவங்களும் இருக்கறாங்க. சிலது ஆச்சு, இல்லைங்கல. அது ஓட்டறவன் தப்பு.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், அப்பத்தான் உங்களுக்கு வெவரம் புரியும். செட்டிங் முடிஞ்சதும் அந்தத் திருகாணித் தலையில இருந்து பாடி வரைக்கும் நகப் பாலிஷுல ஒரு கோடு இழுத்து விட்டுருவேன். செவப்புக் கோடு. சம்சாரத்தோட நகப் பாலிஷ்தான், வேற எதுக்கு அவ வாங்கறா. யாராவது திருகாணியத் திருப்புனா கோடு ரெண்டாப் பிரிஞ்சு போயிரும், ஒடனே தெரிஞ்சு போயிரும். என் கோட்ட ஒடைச்சவன் வண்டிய நான் மறுபடி தொட்டதே இல்லைங்க. பெரிய மனுசன், ஒறம்பரை, சொந்தக்காரன், எவனா இருந்தாலும் சரி, தள்ளிட்டுப் போங்கன்னுருவேன். அதென்ன, ஒருத்தன் கண்ணு வெச்சு, காது வெச்சு, அளந்து வெச்சுட்டுப் போறான், நீ பாட்டுக்குத் திருப்பறதா? நம்பிக்கைன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?

எம்மக சின்னதுல இருந்தே பட்டறையிலதான் கெடப்பா. படிச்சு முடிச்சு வேலைக்குப் போன மொத வருசம் இந்த டிரக்க வாங்கிட்டு வந்துட்டா. எனக்கு மொதல்ல கோவம். கண்ணாலத்துக்கு நிக்கற புள்ள பொம்மை வாங்கிட்டு வந்திருக்குதேன்னு. நீலம்பூர் தாண்டி ஒரு காலி லேஅவுட்டுல மண்ணக் குமிச்சு, மேடு பள்ளம் வெச்சு, தடம் போட்டு வெச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பத்துப் பன்னண்டு பேரு வருவாங்க, இவ ஒருத்திதான் பொம்பளப்புள்ள. நான் என்னதான் பண்றாங்கன்னு பாக்கப் போனேன், அப்பறம் வாராவாரம் போயிட்டேன். துளசிமணியும் வருவா. ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு, கொடையப் புடிச்சுட்டு ஒக்காந்துக்குவா. வண்டி மேட்டுல ஏறி எகிறும்போது பின்னால நீலமா ஒரு பொகை வால் மாதிரி வருமுங்க. அதப் பாத்துச் சிரிப்பா அவ. பல்லு மொத்தமும் தெரியச் சிரிப்பா. வீட்டுல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

அந்தப் பொகையிலதானுங்க எல்லாத் தகராறும்.

உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். இந்த இன்ஜினுக்கு ஒரு ஊசி இருக்குது, திருகாணித் தலை போட்ட ஊசி. உள்ள திருப்புனா எண்ணெய் கம்மியாப் போகும். வண்டி வேகமெடுக்கும், பொகை அடங்கும், சூடு ஏறும். வெளிய திருப்புனா எண்ணெய் எச்சாப் போகும். பொகையும், கொஞ்சம் மந்தமா ஓடும், இன்ஜின் ஆறிட்டே இருக்கும். எண்ணெய்க்குள்ளயே விளக்கெண்ணெய் கலந்திருக்குதுங்களே, அது ஒண்ணுதான் பிஸ்டனுக்கு வழவழப்பு. வேற ஆயில் கெடையாது. சூடு பாக்கறதுக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு மிசின் வெச்சிருப்பாங்க, நூத்திப் பத்து டிகிரி, நூத்திப் பதினஞ்சுன்னு காட்டும். எம்மக அதையும் பாப்பா, ஒரு சொட்டுத் தண்ணியும் வெச்சுப் பாப்பா. இன்ஜின் தலை மேல ஒரு சொட்டு விட்டா நாலு எண்ணறதுக்குள்ள மெதுவாக் கொதிச்சுக் காயணும். தோசைக்கல்லுல தெளிக்கற மாதிரி சுர்ருன்னு ஓடுச்சுன்னா சூடு எச்சு, ஊசிய வெளிய திருப்பணும். துளசிமணிக்கு அது ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது. சேர்ல இருந்தே கத்துவா, கல்லு காஞ்சிருச்சு அம்மிணின்னு.

எனக்கென்னவோ மனசு ஒப்புலைங்க. கிரியோட மக வண்டி பொகைவிட்டுட்டு ஓடுதுன்னா ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க? ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன், கொஞ்சம் உள்ள திருப்பு கண்ணு, கொஞ்சம் திருப்புன்னு. அவ சிரிச்சுட்டே சொல்லுவா, இல்லப்பா, பொகையிலதான் எண்ணெய் வெளிய வருது, பொகை தெரிஞ்சாத்தான் உள்ள வறண்டு போகாம இருக்குதுன்னு அர்த்தம், இது உங்க பைக் இல்லைன்னு. எனக்கே பாடம் எடுக்கறா பாருங்க. எடுக்கட்டும்னு உட்டுட்டேன். பெத்தவன் இல்லைங்களா.

அந்த வருசம் மாசி மாசம் பெரிய போட்டி. இதுல செயிச்சா பெங்களூர்ல நடக்கற பந்தயத்துக்குப் போலாம். இருவது நிமிசம் ஓட்டம். டேங்க் ஏழெட்டு நிமிசந்தான் தாங்கும், நடுவுல ரெண்டு தடவை எண்ணெய் ஊத்தணும். ஓட்டறவங்க ஒசரமா ஒரு பலகை மேடையில ரிமோட்ட வெச்சுட்டு நின்னுக்குவாங்க, கீழ எறங்க முடியாது. வண்டி கிட்ட வரும்போது எடுத்து, எண்ணெய் ஊத்தி, திருப்பித் தடத்துல விடறதுக்குக் கூட ஒரு ஆள் வேணும். எம்மகளுக்கு நாந்தான் அந்த ஆளு. வேற யாரையும் அவ வெச்சுக்குல. அதச் சொல்லிப்போடறேன், ஏன்னா அவ என்னையத்தான் நம்புனா.

ரெண்டாவது தடவை வண்டி எங்கிட்ட வருதுங்க. அப்ப அவ ரெண்டாமெடம். முன்னால திருப்பூர்க்காரர் ஒருத்தர் வண்டி. நம்மது பொகைஞ்சுட்டே வருது. பக்கத்துல நிக்கற ஒருத்தர் சொல்றாரு, என்னங்கண்ணா, ரயில் வண்டியான்னு. எண்ணெய் ஊத்துனேன். பையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துது, எப்பவும் இருக்கும். ரெண்டு விரல்ல புடிச்சுக் கால் சுத்து உள்ள. அவ்வளவுதான். மூணு செகண்டு ஆகலைங்க.

அப்ப நீங்க பாத்திருக்கோணும். தடத்துல ரெண்டு சுத்து. ரெண்டே சுத்துல திருப்பூர்க்காரர் வண்டியத் தாண்டிப் போச்சு. பொட்டுப் பொகை இல்லை. சத்தம் அப்படியே கிண்ணுன்னு. எல்லாரும் கை தட்டறாங்க, நான் பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன், நாந்தான் செட்டிங் பண்ணுனேன்னு. மேடைல இவ மொகம் மட்டும் மாறிப் போச்சு. அவளுக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிருக்குது. கையக் கையக் காட்டறா, எடுங்க எடுங்கங்கறா. நான் கை தட்டறாளோன்னு நெனைச்சுட்டேன். மூணாவது சுத்துல மேட்டுல ஏறி எகிறுச்சுங்க, எகிறுனது அப்படியே அந்தரத்துல சத்தம் நின்னு, பொத்துன்னு உழுந்து உருண்டு போச்சு. சக்கரம் அசையுல. இன்ஜின் ஜாம்.

அவ கீழ எறங்கி வந்தா. திட்டவே இல்லை. விரல்ல ஒரு சொட்டுத் தண்ணி எடுத்து மேல விட்டா, படறதுக்கு முந்தியே காணாமப் போயிருச்சு. எத்தனை திருப்புனீங்கன்னு கேட்டா. காலுன்னேன். சரின்னா. அவ்வளவுதான். வண்டியத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக் கூடப் பரவால்லைங்க, மனுசன் பதிலுக்கு ஒண்ணு பேசலாம். பதினஞ்சு நாள் எங்கிட்டப் பேச்சு இல்லை. சோறு வைக்கறது, தட்ட எடுக்கறது எல்லாம் அம்மா மூலமாத்தான்.

அதோட நின்னிருந்தாச் சரியாப் போயிருக்கும். பங்குனியில துளசிமணி உழுந்துட்டா.

அவளுக்குப் பிரஷர் இருந்துதுங்க. டாக்டரு வெடியால ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாரு. மாத்திரையெல்லாம் நாந்தான் பிரிச்சு, டப்பாவுல போட்டு, எடுத்துக் குடுக்கறது. அவளுக்கு அந்தப் பேரெல்லாம் படிக்கத் தெரியாது, நான் குடுக்கறத வாயில போட்டுக்குவா. அந்த மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து ஆளு மந்தமாயிட்டாங்க. வெடியால எந்திரிக்க ஏழு மணி ஆகுது, நடந்தா ஆடிட்டே நடக்கறா, கூப்பிட்டாச் சித்த நேரங்கழிச்சுத்தான் திரும்பறா. எனக்குப் பாக்கச் சகிக்குல. மார்கழியில அந்த ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். அவகிட்டச் சொல்லுல, சொன்னாப் பயந்துக்குவா. நம்ப மாட்டீங்க, பத்தே நாள்ல எப்படி ஆயிட்டா தெரியுங்களா? நாலரைக்கு எந்திரிச்சு வாசல் கூட்டிக் கோலம் போட்டுருவா. மாவு ஆட்டறா, துணி தொவைக்கறா, ஒரு எடத்துல ஒக்கார்றதில்லை. மொகமெல்லாம் செவசெவன்னு. எனக்குப் பெருமையா இருந்துது. மூணு மாசம் அப்படி ஓடுனா. மூணாவது மாசம், சட்னி அரைக்கறேன்னு மிக்சி சுச்சப் போட்டவ அப்படியே சாஞ்சுட்டா.

வலது கையி, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. டாக்டரு கேட்டாரு, மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்களான்னு. சாப்பிட்டாங்கன்னேன். சாப்பிட்டாளே, காலையில ஒண்ணு. யாருக்கு வேணா வரலாமுங்கன்னு அந்த டாக்டரே சொன்னாரு, பாருங்க. ஆனா எம்மக ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து ஏதோ தேடறப்ப, நான் திருகாணி போட்டு வெக்கற பிஸ்கட் டப்பாவத் தொறந்துட்டா. அதுக்குள்ள ராத்திரி மாத்திரை அத்தனையும் அட்டை அட்டையா இருந்துது. நான் என்ன தூக்கியா எறிஞ்சேன்? பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்.

அந்த டப்பாவ மடியில வெச்சுட்டு அட்டைய ஒவ்வொண்ணா எடுத்து எண்ணுனா. அப்பறம் சொன்னா.

“அப்பா, அந்த வண்டிக்கு என்ன பண்ணுனீங்களோ, அதையேதான் அம்மாவுக்கும் பண்ணியிருக்கீங்க.”

அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வண்டி, இது மனுசி. அது திருகாணி, இது மாத்திரை. பந்தயம் போன ஆத்திரத்த மனசுல வெச்சுட்டுத்தானே இப்படிப் பேசறா? நான் அன்னிக்கே கேட்டேன், ஒரு கால் சுத்துக்கா இத்தனை பேச்சுன்னு. அவ எம்மொகத்தக் கூடப் பாக்குல. ரெண்டு மாசத்துல ஓசூர்ல வேலை தேடி, அம்மாவ ஒரு வேன்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. வண்டிய மட்டும் பரண் மேல உட்டுட்டுப் போனா. ரெண்டு தடவை பாக்கப் போனேன். துளசிமணி என்னைய உத்துப் பாத்தா, அவ்வளவுதான். அவளுக்கு இப்ப ஒரே ஒரு சத்தந்தான் வரும், ‘ம்மா’ன்னு. அதுல கோவமா, பாசமான்னு எனக்குத் தெரியுலைங்க. சாயங்காலம் பஸ்ஸேத்தி அனுப்பிட்டா எம்மக. ஒரு ராத்திரி தங்குங்கன்னு சொல்லுல.

நான் சொல்லிப்போடறேனுங்க, வெக்கத்த உட்டுச் சொல்றேன். எனக்கு அவ வேணுமுங்க. முப்பத்தி நாலு வருசங்கூடவே இருந்தவ. சமைக்கறதுக்கோ தொவைக்கறதுக்கோ இல்லை, அதெல்லாம் நானே பண்ணிக்கறேன். பொழுதோட பட்டறையச் சாத்திட்டு வந்தா வீட்டுல ஒரு ஆள் மூச்சுச் சத்தம் வேணும். அவ படுத்தே கெடக்கட்டும். நான் தொடைச்சு உட்டு, ஊட்டி உட்டுப் பாத்துக்கறேன். மாத்திரையும் நேரந்தவறாம நானே குடுத்துக்கறேன்.

போன மாசம் திடீர்னு கூரியர்ல ஒரு பார்சல் வந்துதுங்க. தொறந்தா புது இன்ஜின். இதே அளவு, இதே மாடல். கூட ஒரு லெட்டர். மனப்பாடமாயிருச்சு எனக்கு. ‘அப்பா, புது இன்ஜின் அனுப்பியிருக்கேன். இங்க ஒரு சிநேகிதர் வண்டியில மாட்டி ஆறு டேங்க் ஓட்டி நானே பதம் பண்ணிட்டேன். ஊசியும் வெச்சுட்டேன். நீங்க நம்ம டிரக்குல மாட்டி எடுத்துட்டு வாங்க. ஓட்டிப் பாக்க வேண்டாம். ஊசியத் தொட வேண்டாம். போன்ல பழைய வீடியோவக் காட்டுனா அம்மா அந்தப் பொகையப் பாத்துச் சிரிக்கறாங்க. நேர்ல ஓட்டிக் காட்டணும்.’ இன்ஜினத் திருப்பிப் பாக்கறேன், ஊசித் தலையில இருந்து பாடி வரைக்கும் செவப்பா நகப் பாலிஷ் கோடு. என் கோடுங்க அது. எங்கிட்டக் கத்துக்கிட்டது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பறம் போன்ல பேசுனா. ரெண்டு வருசத்துல அவளாக் கூப்பிட்டது அதுதான் மொத தடவை. அம்மாவப் பாத்துக்கற பொண்ணு அடுத்த மாசம் நின்னுக்குதாம். பகல்ல கூட இருக்க ஆள் வேணுமாம். சொன்னா, “கோடு ஒடையாம வந்துச்சுன்னா, அம்மா மாத்திரை டப்பாவ உங்க கையில குடுக்கலாமான்னு யோசிக்கறேன். ஒடைஞ்சிருந்தா அன்னிக்கே பஸ்ஸேறிடுங்கப்பா. அப்பறம் வர வேண்டாம்.”

அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன். சரி கண்ணுன்னேன்.

மாட்டிட்டேனுங்க. அரை நாள் வேலை. அப்பறம் நாலு நாள் கையக் கட்டிட்டு ஒக்காந்திருந்தேன். சத்தியமாத் தொடுல. மேசை மேல வெச்சுட்டு அதையே பாத்துட்டு ஒக்காந்திருப்பேன். அஞ்சாம் நாள் ஒரு ரோசனை வந்துது. இத்தனை தூரம் கொண்டு போயி, அங்க அவங்கம்மா முன்னால ஸ்டார்ட் ஆகாமப் போச்சுன்னா? மாட்டுனது நானு, பேரு கெடறது யாருக்கு? காந்திபுரத்துல ஒரு கடையில போயிச் சின்ன டப்பா எண்ணெய் வாங்கிட்டு வந்தேன். ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாக்கலாம், ஊசியத் தொடப் போறதில்லைன்னுதான்.

ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சுங்க. நல்ல கை எம்மகளுக்கு. பட்டறை வாசல்ல உட்டு ஓட்டுனேன். ஓடுச்சு. சொட்டுத் தண்ணி விட்டுப் பாத்தேன், நாலு எண்ணறதுக்குள்ள மெதுவாக் காஞ்சுது, அவ சொல்ற மாதிரியே. எல்லாஞ் சரி. ஆனா பொகை. வாசல் பூராவும் நீலமாப் பொகை. எதுத்தாப்புல பேக்கரிக்காரரு வெளிய வந்து கையக் கட்டிட்டு நின்னுட்டுச் சொல்றாரு, என்னங்க கிரியண்ணா, உங்க வண்டியே பொகையுதுன்னு. உங்க வண்டியேங்கறாரு. அந்த ‘யே’ இருக்குதுங்களே. மனுசன் எப்படிங்க பொறுத்துக்குவான்?

கால் சுத்து கூட இல்லைங்க. கால்ல பாதி. மயிரிழை. கோடு பிரிஞ்சத நான் பாத்தேன். பாத்ததும் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரு கீழ உழுந்துருச்சு. அங்கயே தரையில ஒக்காந்துட்டேன். ஆனா வண்டி மட்டும், அட, என்னா ஓட்டமுங்க. பொட்டுப் பொகை இல்லை. சுத்தமா, கிண்ணுன்னு. பேக்கரிக்காரரு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு. அப்பறம் சொட்டுத் தண்ணி விட்டேன். கொஞ்சஞ் சீக்கிரமாத்தான் காஞ்சுது. ரெண்டு எண்ணுனேனோ என்னவோ. சித்திரை வெயிலுங்க, இரும்பே காயுது.

வீட்டுக்குப் போயி துளசிமணி அலமாரியத் தொறந்தேன். அவ வளையலு, பொட்டு, பாலிஷ் பாட்டிலு எல்லாம் அப்படியே இருக்குது, எம்மக எதையும் எடுத்துட்டுப் போகுல. பாலிஷ் கட்டியாயிருந்துது. ரெண்டு சொட்டுத் தின்னர் விட்டுக் குலுக்கி, பழைய கோட்ட மொத்தமாச் சொரண்டிட்டு, புதுசா ஒண்ணு இழுத்தேன். முப்பத்தாறு வருசக் கையி. நேராத்தான் வந்துது.

இருங்க, பெட்டிய நல்லாத் தொறக்கறேன். இந்த வெளிச்சத்துல பாருங்க. கண்ணாடி வேணுங்களா? இந்தா, இந்தத் திருகாணித் தலை. நீங்க தெரியாத ஆளு, உங்க கண்ணுக்கு எப்படிப் படுதுன்னு சொல்லுங்க. பழைய கோடு மாதிரி இருக்குதுங்களா? தெரியுதுங்களா, எதாச்சும்? அவளோடது கொஞ்சம் ரோஸ் கலந்த செவப்பு, இது அடர்த்தி. பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே தெரியும், பழசுதான் இல்லையே.

தடிப்பா இருக்குதுங்கறீங்க.

ஆமாங்க. தின்னர் பத்தலைங்க.

அவ கண்டுபுடிப்பாளான்னு கேக்கறீங்க. காலையில இருந்து நானும் அதத்தான் கேட்டுட்டு வர்றேன். கண்டுபுடிப்பா. எம்மக இல்லைங்களா. இந்தக் கோட்டப் பாக்கவே வேண்டாம், ஸ்டார்ட் பண்ணுனதும் சத்தத்துலயே கண்டுபுடிச்சுருவா. அப்படியே அவ பாக்காமப் போனாலும், அவங்கம்மா அந்தப் பொகை வரும் வரும்னு பாத்துட்டு இருப்பா. வராது.

திருப்பி வெச்சுருங்கங்கறீங்க. சொல்லுவீங்கன்னு தெரியும். வெக்கலாமுங்க. எந்த எடத்துல இருந்துதுன்னு கண்ணக் கட்டி உட்டாலும் வெப்பேன், விரலுக்குத் தெரியும். பாருங்க, ஸ்க்ரூ டிரைவரு சட்டைப் பையிலதான் இருக்குது. பாட்டிலும் பையில இருக்குது. எடுத்துட்டுத்தான் வந்திருக்கறேன். இது என்ன ஊரு, சூளகிரிங்களா? இன்னும் அரை மணி நேரம் இருக்குது. நேரம் இல்லாம இல்லை. கோடு போட்டாக் காயறதுக்குக் கூட நேரம் இருக்குது.

எடுத்தேன், பாருங்க. கையில புடிச்சுட்டேன். ஊசித் தலையில வெச்சுட்டேன்.

ஆனா திருப்பி வெச்சாப் பொகையுங்களே.